புதுப்பிப்பு: கோதுமை மணியில் புரதமும் துத்தநாகமும்

தழைச்சத்தை (நைட்ரஜனை) எப்போது கொடுத்தால் கோதுமை மணியில் புரதம் கூடும் என்று முன்பு கேட்டிருந்தேன். அதன் தொடர்ச்சி இது. ஆரம்பத்தில் இடும் தழைச்சத்து உரமான யூரியா பெரும்பாலும் தூர்களுக்கும் (அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டுகளுக்கும்) விளைச்சலுக்கும் போகிறது. கதிர் வெளிவரும் சமயத்தில் தரும் பங்குதான் புரதத்தை நன்றாக உயர்த்துகிறது. ஆனால் கந்தகம் குறைந்தால், புரதம் இருந்தும் பிசைந்த மாவு சரியாக இழுபடாது, அறுந்துபோகும். இதைப் பலரும் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

அப்புறம் துத்தநாகம். பற்றாக்குறையுள்ள மண்ணில் இட்டால் விளைச்சல் கூடும். மணியிலேயே சேர வேண்டுமென்றால், பால் பிடிக்கும் பருவத்தில் 0.5 சதவீத துத்தநாக சல்பேட் கரைசலை வெயில் தாழ்ந்தபின் இலைமேல் தெளிப்பதே மேல். தழைச்சத்து போதுமான அளவு இருந்தால் துத்தநாகம் மணிக்கு இன்னும் நன்றாக நகர்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள். இரும்புக்கு இலைத்தெளிப்பு இவ்வளவு பலன் தருவதில்லை.