திருகோணமலையில் லினக்ஸ், ஒரு மோடம், ஒரு தொலைபேசிக் கம்பி

லினக்ஸ் இயங்குதளத்தில் டயல்-அப் (தொலைபேசிக் கம்பி வழி இணைய) இணைப்பு எடுத்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதச் சொல்லியிருந்தீர்கள். என்னுடையது 2003இல், திருகோணமலையில். ரெட் ஹாட் 9 என்ற லினக்ஸ் பதிப்பு நிறுவிய மேசைக்கணினி, அதனுள் செருகிய ஒரு பிசிஐ மோடம் அட்டை. விண்டோஸில் ஒழுங்காக இயங்கிய அட்டையை லினக்ஸ் கண்டுகொள்ளவே இல்லை. கணினி திருத்தும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். "தம்பி, லினக்ஸுக்கு மோடம் சரிவராது" என்று முடித்துவிட்டார். சரிவரும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த அட்டைகளுக்கு வின்மோடம் என்று பெயர். தரவை ஒலியாகவும் ஒலியைத் தரவாகவும் மாற்றும் வேலையை அட்டை செய்வதில்லை. விண்டோஸுக்காக எழுதிய மென்பொருள்தான் கணினியின் புரொசெசரைக் கொண்டு செய்கிறது. விலை மலிவாக இருந்ததும் அதனால்தான். லூசன்ட் சிப் உள்ள சில அட்டைகளுக்கு லினக்ஸ் டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) இருந்தது. ஆனால் அதை நம் கேர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) பதிப்புக்கு ஏற்ப மூலநிரலிலிருந்து தொகுக்க வேண்டும், அதற்கு முன் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணைப்பே இல்லாத வீட்டில் இது பெரிய கொடுமை.

கொழும்பிலிருந்து வந்த மாமா பழைய யு.எஸ். ரோபோட்டிக்ஸ் வெளி மோடம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். மாற்றும் வேலை முழுவதையும் தானே செய்யும் மோடம் அது. கணினியின் ஒன்பது ஊசி சீரியல் துளையில் செருகினேன். விண்டோஸ் கொம்1 என்பதை லினக்ஸ் டிடிவைஎஸ்0 என்கிறது. மோடத்துடன் நேரே பேச உதவும் மினிகொம் என்ற நிரலைத் திறந்து, மோடம் கேட்கிறதா என்று அறியும் 'ஏடி' கட்டளையைத் தட்டி என்டரை அழுத்தியதும் அடுத்த வரியில் 'ஓகே' வந்தது. எந்த டிரைவரும் தேவைப்படவில்லை. அந்த இரண்டு எழுத்துகளைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி சொல்லி முடியாது.

இணைய நிறுவனத்தின் எண்ணைச் சுழற்றச் சொன்னால், மோடம் 'நோ டயல்டோன்' (அழைப்பொலி இல்லை) என்றது. ரிசீவரை எடுத்தால் டோன் நன்றாகவே கேட்டது. எங்கள் இணைப்பகத்தின் டோனை மோடம் அடையாளம் காணவில்லை, அவ்வளவுதான். மோடத்துக்கு அனுப்பும் தொடக்கக் கட்டளையில் எக்ஸ்3 என்று சேர்த்தால் டோனுக்குக் காத்திராமல் சுழற்றும். சேர்த்தேன், சுழற்றியது. கீச்சொலியும் இரைச்சலும் ஓய்ந்து மறுமுனை மோடம் கிடைத்ததைக் காட்டும் சிடி விளக்கு எரிந்தது.

ஆனால் இணைப்பு நிலைக்கவில்லை. வடகீழ்ப் பருவமழை நேரம், ரிசீவரிலேயே கரகரப்பு. விறாந்தைச் சுவரில் இருந்த சந்திப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். செப்புக் கம்பி முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கடற்கரை ஊர், உப்புக் காற்று, வேறு என்ன? முனைகளை வெட்டி, புதிதாகச் சீவி, இறுக்கிப் பூட்டினேன். கரகரப்பு பெருமளவு குறைந்தது. அதற்குப் பிறகும் மழை நாட்களில் இணைப்பு அறுந்தால், மோடத்தை வேகமான வி.90 முறைக்குப் போகவிடாமல், அதைவிட மெதுவான வி.34 முறையில் நிறுத்திவிடுவேன். அதன் உச்ச வேகம் வினாடிக்கு 33,600 பிட்தான். ஆனாலும் அறாமல் நிற்கும் மெதுவான இணைப்பே மேல். ஒரு மின்னஞ்சல் பாதியில் நின்றால் மறுபடி அழைக்க வேண்டும், ஒவ்வொரு அழைப்புக்கும் காசு.

கடைசியில் ஒரு சிக்கல் மிஞ்சியது. பிபிபி (தொலைபேசிக் கம்பியில் இணையத் தரவைக் கடத்தும் நெறிமுறை) இணைப்பு எழுந்துவிட்டது, எண் முகவரிக்குப் பிங் என்ற சோதனைச் செய்தி அனுப்பினால் பதில் வருகிறது, தளத்தின் பெயரைக் கொடுத்தால் எதுவும் வரவில்லை. தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையகங்களின் முகவரிகள் ரிசால்வ்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் எழுதப்படவில்லை. பிபிபி அமைப்பில் 'யூஸ்பியர்டிஎன்எஸ்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் தீர்ந்தது. லினக்ஸில் எனக்குப் பிடித்ததே இதுதான்: மோடம், தொலைபேசி இணைப்பு, பிபிபி, பெயர்த் தேடல் என்று ஒவ்வொரு படியையும் தனியாகச் சோதித்து, எது நின்றது என்று கண்ணால் பார்க்கலாம்.

ஸ்மார்ட்லிங்க் சிப் உள்ள மோடத்தை லினக்ஸில் இயக்கியவர்கள் இருந்தால், எந்தக் கேர்னல் பதிப்பில், எப்படி என்று எழுதுங்கள். அந்த வகை அட்டை ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது.