ஒரே அரபுக் குதிரையோடு பத்துப் பருவம் எண்டூரன்ஸ் ஓட முடியுமா?

நெடும்பாதை:

எண்டூரன்ஸ் என்னும் நெடுந்தூரக் குதிரைச் சவாரிப் போட்டிகளுக்கான அமெரிக்காவின் ஏ.இ.ஆர்.சி. சங்கத்தில் 'டெகேட் டீம்' என்று ஒரு கௌரவம் இருக்கிறது. அதே சவாரியாளர், அதே குதிரை, பத்துப் பருவங்கள்; ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு 50 மைல் ஓட்டம் முடித்திருக்க வேண்டும். உலகப் போட்டி அளவிலும் இப்படி நிலைத்த ஜோடிகள் உண்டு. ஸ்பெயினின் மரியா மெர்சிடிஸ் அல்வாரெஸ் போன்டோன், நோபி என்ற குதிரையில் 2008-ல் மலேசியாவிலும் 2010-ல் கென்டக்கியிலும் உலகப் பட்டம் வென்றார். ஆனால் பெரும்பாலான குதிரைகள் இரண்டு மூன்று பருவத்தில் களத்திலிருந்து காணாமல் போய்விடுகின்றன.

கேட்பது 7 வயது அரபு ஆண்குதிரைக்காக, காயடித்தது, 420 கிலோ. 25–30 மைல் ஓட்டங்களைச் சிக்கலில்லாமல் முடித்திருக்கிறது, அடுத்து 50 மைல். இந்தக் குதிரை 17 வயதிலும் ஓட வேண்டுமென்றால் இப்போதே எதில் கவனம் வைக்க வேண்டும்? ஆண்டுக்கு எத்தனை ஓட்டம்? எலக்ட்ரோலைட் (வியர்வையில் போகும் உப்புகளை ஈடுகட்டும் கலவை) அளவு என்ன?

குளம்படி:

முதலில் கால்கள். குதிரையின் இதயமும் நுரையீரலும் மூன்று மாதப் பயிற்சியில் தயாராகிவிடும். தசைக்கு ஆறு மாதம். தசைநாணும் இணைப்பு நாரும் ஒரு வருடம் எடுக்கும். எலும்பு முழுதாக இறுக இரண்டு மூன்று வருடம். இந்த இடைவெளியில்தான் நல்ல குதிரைகள் கெட்டுப்போகின்றன. மூச்சு வாங்கவில்லை, நாடி சட்டென்று இறங்குகிறது, ஆகவே வேகத்தைக் கூட்டலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் இன்னும் பாதி வழியில் இருக்கும்.

உங்கள் குதிரைக்கு முதல் 50 மைல் பருவம் முழுவதும் சராசரி மணிக்கு 9–11 கி.மீ. வேகம் போதும். பயிற்சியில் தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். வாரம் மூன்று நாள் சவாரி, அதில் ஒன்று நீளமானது, ஒன்று மேடு ஏறுவது. ஆழமான மணலில் நீண்ட ட்ராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டம்) வேண்டாம். இணைப்பு நார்களை அது இழுத்துவிடும். தார் சாலையில் ட்ராட் போனால் அதிர்ச்சி நேரே குளம்புக்கும் மூட்டுக்கும் ஏறும். இரண்டையும் நடையில் கடப்பது நல்லது.

ஓட்டத்துக்குப் பின் பத்து மைலுக்கு ஒரு நாள் முழு ஓய்வு என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. 50 மைலுக்கு ஐந்து நாள். அதை நான் குறைந்தபட்சமாகத்தான் எடுத்துக்கொள்வேன். இரண்டு 50 மைல் ஓட்டங்களுக்கு நடுவே நான்கு வாரமாவது விடுங்கள். முதல் பருவத்தில் மூன்று ஓட்டம், பிறகு ஆண்டுக்கு நான்கைந்து. குளிர்காலத்தில் இரண்டு மாதம் லாடத்தைக் கழற்றி மேய்ச்சலில் விட்டுவிடுங்கள்.

ஓட்டம் முடிந்த மறுநாள் காலை, கட்டுத்துணி எதுவும் சுற்றாமல், நான்கு கால்களையும் கையால் தடவிப் பாருங்கள். இரண்டு பின்னங்கால்களும் சமமாக லேசாக வீங்கி, பத்து நிமிட நடையில் வடிந்தால் கவலை இல்லை. ஒரே காலில் மட்டும் வீக்கம், அதோடு சூடும் இருந்தால், நொண்டாவிட்டாலும் அல்ட்ராசவுண்ட் எடுக்காமல் ஏறக்கூடாது. இரவெல்லாம் களிமண் பூசிக் கட்டிவைப்பவர்கள் இந்த அறிகுறியைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள்.

உப்புக்கல்:

எலக்ட்ரோலைட் பற்றிக் கேட்டதற்கு. குதிரையின் வியர்வை நம்முடையதைவிட உப்பு மிகுந்தது. லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் போகும். வெயிலில் மணிக்கு 10 லிட்டர் வரை வியர்க்கும். தண்ணீரோடு உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் ரத்தம் அடர்வதில்லை, அதனால் தாகமும் எழுவதில்லை. உடல் வற்றிய குதிரை தொட்டி முன்னால் நின்றும் வாய் வைக்காததற்குக் காரணம் இதுதான்.

தினசரித் தீவனத்தில் 25–30 கிராம் சாதாரண உப்பு, வருடம் முழுக்க. ஓட்ட நாளில் ஒவ்வொரு வெட் கேட்டிலும் (வழியில் கால்நடை மருத்துவர் குதிரையைச் சோதிக்கும் நிறுத்தம்) 30 முதல் 60 கிராம் கலவை. சோடியம் குளோரைடு முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, மீதி பொட்டாசியம் குளோரைடு, சிறிது கால்சியம், மெக்னீசியம். சர்க்கரையே முதல் பொருளாக இருக்கும் பாக்கெட்டுகளைத் தவிர்க்கலாம். குதிரை தண்ணீர் குடித்து, கொஞ்சம் தின்ற பிறகே வாயில் செலுத்துங்கள். குடிக்காத குதிரைக்குக் கொடுத்தால் அந்த உப்பு உடலின் மிச்ச நீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் பசை போன்ற அடர்த்தியில் திரும்பத் திரும்பக் கொடுப்பது இரைப்பைப் புண்ணை மோசமாக்கும்.

சேணம் போடுவதற்கு முன் ஒன்றிரண்டு கிலோ புல் கட்டாயம் தின்ன வேண்டும். ட்ராட்டில் இரைப்பை அமிலம் மேலே தெறிக்கும்; நார்த்தீவனம் அதைத் தாங்கிப் பிடிக்கும். குதிரைமசால் இதற்கு மிக நல்லது. ஆனால் தினமும் குதிரைமசாலே போட்டால் கால்சியம் வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்துப் பழகி, எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு மந்தமாகும். ஓட்ட நாளில் கால்சியம் சரியும்போது இதயத் துடிப்போடு சேர்ந்து விலாவும் துடிக்கும். 'தம்ப்ஸ்' என்பார்கள். அன்றோடு ஓட்டம் முடிந்தது. வாரநாட்களில் சாதாரண உலர்புல், ஓட்டத்துக்கு முந்தின நாளும் ஓட்ட நாளிலும் குதிரைமசால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு நாளில் தானியத்தைப் பாதிக்கும் கீழே குறைக்காவிட்டால் மறுநாள் தசை இறுகி நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது.

உடல்வாகு: ஒன்பது படி அளவில் ஐந்தை ஒட்டி. விலா கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஒட்டிய குதிரைதான் எண்டூரன்ஸ் குதிரை என்ற நினைப்பு இன்னும் பலருக்குப் போகவில்லை. கலிபோர்னியாவின் டெவிஸ் கப் 100 மைல் ஓட்டத்தில் அளந்து பார்த்தபோது மிக மெலிந்தவைதான் முடிக்காமல் நின்றன.

சேணப்பட்டை:

மேலே இருவரும் விட்டது முதுகு. பத்துப் பருவத்தில் ஒரே குதிரையின் முதுகு பலமுறை மாறும். 7 வயதில் பொருந்திய சேணம் 10 வயதில் தோளில் இறுக்கும், 16-ல் முதுகு சற்றுத் தாழ்ந்ததும் நடுவில் பாலம் போல நின்றுவிடும். பருவத் தொடக்கத்திலும் நடுவிலும் பாருங்கள். நீண்ட சவாரிக்குப் பின் சேணத்துணியைத் தூக்கினால் ஈரம் சீராக இருக்க வேண்டும். சுற்றிலும் ஈரம், நடுவில் உலர்ந்த திட்டு என்றால் அங்கே அழுத்தம். வெள்ளை முடி முளைத்த பிறகு கண்டுபிடிப்பது தாமதம்.

இன்னொன்று, ட்ராட்டில் எழுந்தமரும்போது பக்கம் மாற்றுவது. களைத்த சவாரியாளர் தனக்கு வசதியான ஒரே பக்கத்தில் பத்து இருபது கிலோமீட்டர் போய்விடுவார். குதிரையின் ஒரு பக்க இடுப்பும் எதிர்ப்பக்க முன்னங்காலும் அதைச் சுமக்கும். கடிகாரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு அதிர்வு வைத்து மாற்றுங்கள். செங்குத்தான இறக்கத்தில் இறங்கி ஓடுங்கள்.

குளம்பைச் சீவி லாடம் மாற்றாமல் ஐந்தாறு வாரத்துக்கு மேல் விடக்கூடாது. முன்நுனி நீண்டால் ஒவ்வொரு அடியிலும் குளம்பு புரளத் தாமதமாகி, பின்பக்க நாண் இழுபடும். கடைசி லாடம் ஓட்டத்துக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு அடிக்க வேண்டும். முந்தின நாள் அடித்து ஆணி நெருக்கமாக இறங்கியிருந்தால் பாறைப் பாதையில்தான் தெரியவரும்.

நெடும்பாதை:

மூவருக்கும் நன்றி. வெட் கேட்டில் நாடி நிமிடத்துக்கு 64-க்குள் வந்துவிட்டால் தொடரலாம்தானே? வேறு என்ன பார்ப்பது?

குளம்படி:

64 அனுமதிச் சீட்டு மட்டுமே. சி.ஆர்.ஐ. (சிறு ஓட்டத்துக்குப் பின் நாடி எப்படி மீள்கிறது என்ற சோதனை) பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். நின்ற நிலையில் நாடியை எண்ணுங்கள். பிறகு 38 மீட்டர் போய்த் திரும்ப ட்ராட். ட்ராட் தொடங்கியதிலிருந்து சரியாக ஒரு நிமிடத்தில் மறுபடி எண்ணுங்கள். 60 இருந்தது 60 அல்லது 56 ஆனால் நல்லது. 64-ஐத் தாண்டி 68, 72 என்று ஏறினால் எங்கோ வலி அல்லது நீரிழப்பு. அங்கேயே நீங்களாக விலகுங்கள். குடல் ஓசை நான்கு பக்கமும் கேட்கிறதா, ஈறை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முந்தின கேட்டை விட இரண்டு அறிகுறி கீழே போயிருந்தால் எனக்கு அது போதும்.

ஒவ்வொரு கேட்டிலும் மருத்துவர் குறிக்கும் அட்டையையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 12 வயதில் இதே வேகம், இதே வெயிலில் நாடி இறங்க இரண்டு மடங்கு நேரம் எடுத்தால், ஒப்பிடப் பழைய அட்டை இருக்கும்.

உப்புக்கல்:

15 வயதுக்கு மேல் ஒரு சேர்க்கை: பல் சோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கோடையிலும் முடி உதிராமல் நீளமாக நின்றால், முதுகுத் தசை காரணமின்றிக் கரைந்தால், ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குஷிங் என்ற ஹார்மோன் கோளாறு அந்த வயதில் சாதாரணம், கவனிக்காவிட்டால் குளம்பழற்சியில் கொண்டுபோய் விடும். அதற்கான பெர்கோலைடு மாத்திரை போட்டி மருந்து விதிகளின் கட்டுப்பாட்டுக்குள் வருவது. பெயர் கொடுக்கும் முன் ஓட்டத்தின் கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.