ஜோ மேஃபிஸின் வலது கை

பதினைந்து ஆண்டுகளாகக் கிட்டார் வாசிக்கிறேன். ஆனால் அமெரிக்க கன்ட்ரி இசையின் கிட்டார் கலைஞர் ஜோ மேஃபிஸின் பெயரை நான் அறிந்தே மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. ஒரு மழை இரவில் யூடியூபில் வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தபோது, 1950களின் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பதிவு ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு கழுத்துகள் கொண்ட கிட்டாரை மாட்டிக்கொண்டு, கௌபாய் உடையில் ஒருவர் நின்றார். அவர்தான் மேஃபிஸ். வாசிக்கத் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அது 'டவுன் ஹால் பார்ட்டி'. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய காம்ப்டன் நகரிலிருந்து சனிக்கிழமை இரவுகளில் நேரலையாக வந்த நிகழ்ச்சி. தொலைக்காட்சித் திரையின் முன் படக் கேமராவை வைத்து அந்தக் காலத்தில் பிடித்துவைத்த சில பதிவுகள்தான் இன்று மிஞ்சியிருக்கின்றன. படம் மங்கல்தான். ஆனாலும் அந்த வலது கை தெரிகிறது, அது போதும். வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். தந்தியை மீட்டும் சிறு வில்லையான பிக் மேலும் கீழுமாக மாறி மாறிப் போகிறது, ஒரு ஸ்வரம்கூட விழுங்கப்படவில்லை. தோள் அசையவில்லை, முகத்தில் சிரிப்பு மாறவில்லை. அந்த வேகத்தில் நான் வாசிக்க முயன்றால் முழங்கை வரை இறுகிப்போகும்.

அந்த வேகம் பிடிலிலிருந்து வந்தது. மேஃபிஸ் 1921இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். அவர் தந்தை பிடில் வாசித்தவர். நடன நிகழ்ச்சிகளில் தாளத்துக்குப் பின்னணி வாசித்துக்கொண்டிருந்த கிட்டாரில், பிடிலுக்குரிய மெட்டுகளையே மகன் வாசிக்கத் தொடங்கினார். இது தெரிந்த பிறகு கேட்டால், வில் இழுக்கும் ஓட்டம் அந்தப் பிக்கில் இருப்பது காதுக்குப் புலப்படும். பாஞ்சோவும் மாண்டலினும்கூட அவருக்குக் கைவந்தவை.

கையிலிருந்த கிட்டாருக்கும் ஒரு கதை உண்டு. பின்னாளில் மோஸ்ரைட் கிட்டார் நிறுவனத்தால் புகழ்பெற்ற செமி மோஸ்லி, இருபது வயதுகூட நிரம்பாத காலத்தில், 1954இல் அவருக்காகச் செய்துகொடுத்தது அது. ஒரு கழுத்து வழக்கமானது. குட்டையான மற்றொன்று ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது லாரி காலின்ஸோடு அவர் வாசித்த பதிவுகளைத்தான். லாரி 1944இல் பிறந்தவர், மேஃபிஸிடம் கற்றவர். அவரைப் போலவே இரட்டைக் கழுத்து கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடையெங்கும் துள்ளுகிற சிறுவன். பக்கத்தில் நிற்கும் மேஃபிஸ் அந்தத் துள்ளலோடு போட்டி போடுவதில்லை. தன் முறை வரும்போது வாசிக்கிறார், மற்ற நேரமெல்லாம் பையன் மின்னுவதற்கு இடம்விட்டு நிற்கிறார். மாணவனைப் பார்த்து ஓர் ஆசிரியர் அப்படிச் சிரிப்பதைக் காண எனக்குத் தொண்டை அடைக்கும். 1960 வாக்கில், பதினொரு வயதில் ஸ்டீல் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த பின்னாளைய கன்ட்ரி பாடகி பார்பரா மாண்ட்ரெல்லை லாஸ் வேகஸ் மேடைக்கு அழைத்துச் சென்றவரும் மேஃபிஸ்தான்.

இத்தனைக்கும், கன்ட்ரி கிட்டார் என்றதும் செட் அட்கின்ஸ், மெர்ல் டிராவிஸ் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். இருவரும் மாமேதைகள், மறுக்கவில்லை. டிராவிஸ் இதே காம்ப்டன் மேடையில் மேஃபிஸோடு நின்றவர்தான். ராக் அண்ட் ரோல் பாடகர் ரிக்கி நெல்சனின் தொடக்ககால இசைத்தட்டுகளைக் கேட்டவர்கள், பெயர் தெரியாமலே மேஃபிஸின் கிட்டாரைக் கேட்டிருப்பார்கள். பின்னணியில் இருந்தே பெரும்பகுதி வேலை செய்தவரைப் பெயர்சொல்லி நினைவுகூர இந்தத் தொலைக்காட்சிப் பதிவுகள்தான் நமக்கு வழி. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது தினமும் காலையில் அரைமணி நேரம், அவர் வாசித்த ஒரு பிடில் மெட்டைப் பாதி வேகத்தில் பழகுகிறேன். எட்டு மாதங்கள் ஆகின்றன. முதல் பகுதி கைக்கு வந்துவிட்டது. இரண்டாம் பகுதியில், தந்தி மாறும் இடத்தில், பிக் இன்னும் தடுக்குகிறது.