அப்டேட்: தம்பியோட அசைன்மென்ட்டை பத்து பக்கமா நீட்டுற விவகாரம்

முன்னாடி கேட்டிருந்தேன்ல, தம்பி காலேஜ்ல பத்து பக்கம் கேக்குறாங்க, அவன்கிட்ட எட்டரைதான் இருக்கு, ஒரு வரி கூட சேக்காம ஒப்பேத்த முடியுமான்னு. நீங்க சொன்னதெல்லாம் போட்டுப் பாத்தாச்சு.

ஃபான்ட்தான் உண்மையிலேயே வேலை செய்யுது. டைம்ஸ் நியூ ரோமன் 12ஐ ஏரியல் 12 ஆக்குனா எழுத்து அகலமாகி ஒரு பக்கம் கிட்ட கூடிருது. கூரியர் ஃபான்ட்ல எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், இங்கிலீஷ் i-க்கும் m-க்கும் அதே இடம், அதனால பக்கம் எங்கயோ போயிருது ஆனா பாத்தா பழைய டைப்ரைட்டர் மனு மாதிரி இருக்கு, எந்த சாரும் நம்ப மாட்டாரு.

முற்றுப்புள்ளிய மட்டும் 14 ஆக்கச் சொன்ன புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு, ஏன்னா லைன் ஸ்பேசிங் டபுள்ல இருக்கும்போது ஒரு வரியில இருக்குற பெரிய எழுத்தை வச்சுத்தான் வேர்டு அந்த வரியோட உயரத்தை கணக்கு போடுது, புள்ளி இருக்குற வரியெல்லாம் கொஞ்சம் தள்ளி நிக்குது, ஆனா ஸ்பேசிங்கை 'எக்ஸாக்ட்லி'னு (வரி உயரம் மாறாம ஒரே அளவா) வச்சிருந்தா இந்த ஜோலி ஒண்ணும் நடக்காது.

பேப்பர் சைஸை ஏ4-ல இருந்து லெட்டர் ஆக்குறதுல உயரம் 18 மிமீ கொறையுது, ஆனா அகலம் 6 மிமீ கூடுறதால பெருசா லாபமில்ல.

இப்போ புது குண்டு, சாஃப்ட் காப்பிய வேர்டு ஃபைலாவே அனுப்பணுமாம். கீழ வேர்டு கவுன்ட் பல்லிளிக்குமே! பய இப்போ உக்காந்து ஒழுங்கா இன்னொரு செக்‌ஷன் எழுதிட்டு இருக்கான்.