நியூயார்க் - லாஸ் ஏஞ்சலிஸ்: போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பறக்க எவ்வளவு நேரம் ஆகும்? நியூயார்க் வட்டாரத்தில் வசிக்கும் மூவர் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள்.

லாங் ஐலண்டிலிருந்து:

வேலை நிமித்தமாக மூன்று ஆண்டுகளாக மாதம் ஒரு முறை லாஸ் ஏஞ்சலிஸ் போய் வருகிறேன். கென்னடி விமான நிலையத்திலிருந்து அங்கே வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,475 மைல், அதாவது 4,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காரில் போனால் 2,800 மைலை நெருங்கும். தூரம் மாறுவதில்லை என்றாலும், பறக்கும் நேரம் ஒரு முறை இருந்ததுபோல் மறுமுறை இருந்ததில்லை.

சென்ற ஜனவரியில் மேற்கு நோக்கிப் போனபோது, இருக்கைக்கு முன்னிருந்த திரையில் தரை வேகம் மணிக்கு 415 மைல் என்று காட்டியது. இரண்டு நாள் கழித்துத் திரும்பும்போது அதே திரை 620 என்றது. விமானத்தின் வேகம் கூடிவிடவில்லை. மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் வீசும் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் வலுப்பதால், போகும்போது எதிர்த்து நின்ற காற்றே வரும்போது முதுகில் கைவைத்துத் தள்ளியது. போக ஆறு மணி நேரத்துக்கு மேல் வானில் இருந்த நான், வர நாலரை மணி நேரம்கூட இருக்கவில்லை.

பயணச்சீட்டில் அச்சிட்டிருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல, கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த கேட்டில் நிற்கும்வரையிலான நேரம் என்பதையும் சொல்ல வேண்டும். மாலை நேரத்தில் கென்னடியில் ஓடுபாதைக்காக முப்பது, நாற்பது நிமிடம் வரிசையில் ஊர்ந்திருக்கிறேன்.

குயின்ஸிலிருந்து:

எங்கள் வீட்டுக்கு நியூயார்க்கின் இன்னொரு விமான நிலையமான லாகார்டியா பத்து நிமிடத் தொலைவு என்பதால் அங்கிருந்தே கிளம்பலாம் என்று தேடினேன். நான் போக வேண்டிய புதன்கிழமைக்கு நேரடி விமானமே இல்லை. 1,500 மைலுக்கு அப்பாலுள்ள ஊர்களுக்கு, டென்வர் நீங்கலாக, சனிக்கிழமை தவிர மற்ற நாள்களில் அங்கிருந்து இடைநில்லா விமானம் விடக் கூடாது என்ற விதி 1984 முதல் நடைமுறையில் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிடிவாதமாக அங்கிருந்தே கிளம்பி, டாலஸில் விமானம் மாறிப் போனேன். தூரம் சுமார் 150 மைல்தான் கூடியது, ஆனால் பயணம் ஒன்பது மணி நேரத்தை விழுங்கியது. பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய் மூன்று மணி நேரத்தை இழந்த புத்திசாலி என்று வீட்டில் இன்றும் பெயர்.

நியூ ஜெர்சியிலிருந்து:

எங்களோடு தங்கியிருந்த மாமனார், லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள இளைய மகளைப் பார்க்கப் புறப்பட்டபோது பயணச்சீட்டை வாங்கிப் பார்த்தார். போவது காலை 7:00 மணிக்கு, இறங்குவது 10:20. வருவது இரவு 10:00 மணிக்கு, இறங்குவது மறுநாள் காலை 6:20. "போக மூணே கால் மணி, வர எட்டு மணி நேரத்துக்கு மேலயா? சுத்திக்கிட்டு வருதா மாப்பிள்ளை?" என்றார். அங்கே கடிகாரம் மூன்று மணி நேரம் பின்தங்கியிருப்பதைச் சொன்னதும், தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒன்றில் மூன்றைக் கூட்டி, மற்றதில் மூன்றைக் கழித்தார். ஒன்று 6:20, மற்றது 5:20 என்று வந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, இந்த ஒரு மணி நேரம் எங்க போச்சு?" என்றார். காற்று என்றேன். அவர் நம்பவில்லை, திரும்பி வந்த விமானம் குறித்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பாகவே தரையிறங்கிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்.