தாத்தாவின் பழைய ஏர்கன்: என்ன மதிப்பு இருக்கும்?

வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதிய எங்கள் தாத்தாவின் பரணிலிருந்து பி.எஸ்.ஏ. என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் ஏர்கன் (காற்றழுத்தத் துப்பாக்கி) ஒன்று கிடைத்திருக்கிறது. பர்மிங்காம் தயாரிப்பு. குழலை மடக்கும் வகை அல்ல. அடியிலுள்ள நெம்புகோலை இழுத்துத்தான் சுருள்வில்லை இறுக்க வேண்டும். லிங்கன் ஜெஃப்ரிஸ் என்பவர் வடிவமைத்த பழைய மாதிரி என்று நினைக்கிறேன். மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய நிறுவன முத்திரை தேய்ந்திருந்தாலும் விரல் நுனிக்குத் தட்டுப்படுகிறது. குண்டு போடும் இடத்தருகே ‘2’ என்ற எண், அதாவது குழலின் உள்விட்டம் .22 அங்குலம்.

துருவைப் போக்குகிறேன் என்று சித்தப்பா உப்புத்தாளை எடுத்துவிட்டார். நான் பிடுங்குவதற்குள் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய கருநீலப் பூச்சு போய்விட்டது! இதனால் மதிப்பு எவ்வளவு குறையும்? செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர் இரும்பு விலைக்குக் கேட்கிறார், பாவி. விற்கப்போவதில்லை, பாகப்பிரிவினைக்காக நியாயமான மதிப்புத் தெரிய வேண்டும். சேலம் பக்கம் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நேரில் கொண்டுவருகிறேன்.