மைசூர்ல மூணு நாள்

வாட்ஸ்அப் குழு: காஞ்சிபுரம் வீடு

மாமா: கதிர், நீயும் மீனாவும் மைசூர் போறதுக்கு லிஸ்ட் போட்டுட்டேன் பாரு. ஞாயிறு அரண்மனை, மிருகக்காட்சி சாலை, சாமுண்டி மலை, பிருந்தாவனம். திங்கள் ஊட்டி. செவ்வாய் கூர்க். ராத்திரி மைசூர் வந்து ரயில் பிடிச்சிடலாம். வண்டிக்கு நான் பேசறேன்.

பெரியப்பா: பிருந்தாவனத்தை முதல்ல போடு. மைசூர் போயிட்டு அதைப் பார்க்காம வரக்கூடாது.

அம்மா: சாமுண்டீஸ்வரி தரிசனம் கட்டாயம். கல்யாணம் ஆகி முதல்ல போற இடம்.

அக்கா: சோமநாதபுரத்தையும் சேர்த்துக்கோடா. ஹொய்சாளர் கோயில். பேலூர், ஹளேபீடோட சேர்ந்து 2023ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்திருக்கு.

கதிர்: எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஞாயிறு காலையில இறங்கறோம், செவ்வாய் ராத்திரி ரயில். புதன் நான் ஆபீஸ் போகணும்.

மைசூர் சித்தி: அடுப்படியில இருந்தேன், இப்பதான் பார்க்கறேன். அண்ணா, தயவுசெஞ்சு ஊட்டியும் கூர்க்கும் எடுத்துடுங்க.

மாமா: ஏம்மா? பக்கம்தானே?

மைசூர் சித்தி: மேப்ல பக்கம். ஊட்டி 125 கிலோமீட்டர். பந்திப்பூர் காடு, முதுமலை தாண்டி மலை ஏறணும், நிக்காம போனாலே 4 மணி நேரம். 2024லேருந்து இ-பாஸ் வேற எடுக்கணும். ராத்திரி 9 மணிக்குக் காட்டு ரோட்டை மூடினா காலையில 6 மணிக்குத்தான் திறப்பாங்க. அதனால அங்க போய்ச் சாப்பிட்டு, ஏரியைச் சுத்திட்டுத் திரும்ப வேண்டியதுதான். மறுநாள் கூர்க்ல மடிக்கேரிக்கு இன்னொரு 120 கிலோமீட்டர். புதுசா கல்யாணம் ஆன பிள்ளைங்க ரெண்டு நாளும் டிரைவர் முதுகைப் பார்த்துட்டே உட்கார்ந்திருக்கணுமா?

மாமா: நாங்கள்லாம் அப்படித்தானே போனோம்.

மைசூர் சித்தி: போனீங்க அண்ணா. அண்ணி கூடலூர்லேருந்து தலைசுத்தல்னு கண்ணை மூடிட்டே வந்தாங்க. அண்ணிகிட்டயே கேளுங்க.

மாமி: அவ சொல்றது நிஜம். ஊட்டி எனக்கு ஞாபகமே இல்ல.

மைசூர் சித்தி: இவ்வளவு பேர் பேசறோம், மீனா ஒரு வார்த்தையும் சொல்லல. மீனா, நீ சொல்லும்மா. உனக்கு என்ன பார்க்கணும்?

அம்மா: ஆமாம்மா, கூச்சப்படாம சொல்லு.

மீனா: சித்தி, விளக்கு போட்ட அரண்மனையை நேர்ல பார்க்கணும். அப்புறம் ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயம். சின்ன வயசுலேருந்து அப்பா என்னை வேடந்தாங்கல் கூட்டிட்டுப் போவார், பறவைன்னா எனக்கு உயிர். அத்தை சொன்ன மாதிரி அம்மன் தரிசனம். மத்தபடி ஒரு மத்தியானமாவது அலாரம் வெக்காம தூங்கணும் அத்தை, கல்யாண அலைச்சல் இன்னும் உடம்பை விட்டுப் போகல.

அம்மா: இதைச் சொல்ல ஏன்மா இவ்வளவு நேரம்? கட்டாயம் தூங்கு.

மைசூர் சித்தி: இப்ப திட்டம் போடலாம். முதல்ல கிழமை பார்க்கணும். அரண்மனைக்கு முக்கால் மணி நேரம் முழு விளக்கும் போடறது ஞாயித்துக்கிழமையும் அரசு விடுமுறை நாள்லயும்தான். 7 மணிக்குப் போட்டு 7.45க்கு அணைச்சிடுவாங்க. கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பு, எல்லாம் ஒரே நொடியில எரியும். நீங்க ஞாயிறு வர்றதால அந்தச் சாயங்காலத்தை அதுக்கே வெச்சுக்கோங்க. மிருகக்காட்சி சாலை செவ்வாய் விடுமுறை, அதுக்குள்ள நடந்தா அரை நாள் போயிடும். மீனாவும் கேட்கல. விட்டுடலாம்.

கதிர்: சனிக்கிழமை ராத்திரி சென்ட்ரல்ல காவேரி எக்ஸ்பிரஸ். இறங்கினதும் நேரா ரூமுக்குப் போயிடலாமா சித்தி?

மைசூர் சித்தி: ரூம் மதியம் 12 மணிக்குத்தான் கொடுப்பாங்க. ஸ்டேஷன்லேருந்து நம்ம வீட்டுக்கு வாங்க, குளிச்சு டிபன் சாப்பிட்டுப் போகலாம். ஊருக்கு வெளிய ரிசார்ட் எதுவும் போடாதே கதிர். போட்டோல நல்லா இருக்கும், ஆனா ஒவ்வொரு வாட்டியும் ஊருக்குள்ள வந்து போறதுலயே நேரம் கரைஞ்சிடும். அரண்மனைக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல பாரு, ஆட்டோல பத்து நிமிஷம்.

கதிர்: சரி சித்தி. ஞாயிறு மத்தியானம் தூக்கம், அப்புறம்?

மைசூர் சித்தி: 3.30க்கு அரண்மனை உள்ள போங்க, 5.30க்கு மூடிடுவாங்க. செருப்பை வெளியவே விடணும். பழைய மர அரண்மனை 1897ல ராஜகுமாரி கல்யாணம் நடக்கறப்ப தீப்பிடிச்சுப் போச்சு. இப்ப இருக்கிறது அதுக்கப்புறம் கட்டி 1912ல முடிச்சது. ஹென்றி இர்வின்தான் கட்டினார், சென்னை ஐகோர்ட் கட்டடத்துலயும் அவர் வேலை இருக்கு. கல்யாண மண்டபத்துல மட்டும் அவசரப்படாதீங்க. எட்டுப் பட்டை மண்டபம், நடுவுல நின்னு அண்ணாந்து பார்த்தா கூரை முழுக்க வண்ணக் கண்ணாடியில மயில். தூணெல்லாம் கிளாஸ்கோவுல வார்த்த இரும்பு. வெளிய வந்து ஒரு காபி குடிச்சுட்டு 6.30க்கே திரும்பி வந்து இடம் பிடிங்க. 7 அடிக்கறப்ப நீங்க ரோட்டுல ஆட்டோவுக்குள்ள இருக்கக்கூடாது.

மீனா: கேட்கவே ஆசையா இருக்கு சித்தி.

மைசூர் சித்தி: திங்கள் காலையில சாமுண்டி மலை. செவ்வாய், வெள்ளின்னா அம்மன் சந்நிதியில கூட்டம் நெருக்கும், திங்கள் பரவாயில்ல. ஆயிரம் படியையும் ஏற வேண்டாம். மேல கார்ல போய் தரிசனம் பண்ணிட்டு, கோயில்லேருந்து சுமார் முந்நூறு படி இறங்கினா பெரிய நந்தி. ஒரே கல்லு, கழுத்து மணியெல்லாம் அந்தக் கல்லுலயே செதுக்கினது. வண்டியை அங்க வரச் சொல்லிடலாம். தை மாசம் காலையில குளிரும், மீனா ஒரு ஸ்வெட்டர் வெச்சுக்கோ. இறங்கினதும் நஜர்பாத்ல மைலாரி தோசை. பஞ்சு மாதிரி இருக்கும், மேல வெண்ணெய். சாப்பிட்டுட்டு ரூமுக்குப் போய் மறுபடி தூங்குங்க.

பெரியம்மா: மைசூர் சில்க் கடைக்குப் போகலையா?

அம்மா: அக்கா, நம்ம ஊர்ப் பட்டு வாங்கத்தான் அவங்கெல்லாம் இங்க வர்றாங்க.

பெரியம்மா: அது வேற, இது வேற. கரையும் புட்டாவும் பார்க்கறவங்க இங்க வருவாங்க. இது கிரேப் பட்டு, கனமே தெரியாது, ஆபீசுக்குக் கூட கட்டலாம். மீனாவுக்கு நான் வாங்கித் தர்றேன்.

மைசூர் சித்தி: அப்ப திங்கள் சாயங்காலம் வெச்சுக்கலாம். மானந்தவாடி ரோட்டுல அரசாங்க நெசவாலை, பக்கத்துலயே கடை. அப்படியே தேவராஜா மார்க்கெட். குங்குமமும் வண்ணப் பொடியும் கூம்பு கூம்பா குவிச்சு வெச்சிருப்பாங்க, மல்லிகை முழக்கணக்குல. குரு ஸ்வீட்ஸ்ல மைசூர்பாகு சூடா வாங்கி அங்கேயே நின்னு சாப்பிடுங்க. வீட்டுக்கு வேணும்னா நான் கொடுத்தனுப்பறேன், தூக்கிட்டு அலைய வேண்டாம்.

பெரியப்பா: திங்கள் சாயங்காலம்தானே பிருந்தாவனத்துக்குச் சரியான நேரம்? நீரூற்று இருட்டினப்புறம்தான் ஆரம்பிப்பான்.

மைசூர் சித்தி: நேரம் சரிதான் மாமா. போக 20, வர 20 கிலோமீட்டர், கூட்டத்துல வண்டியை எடுத்து வெளிய வர்றதுக்கே நேரமாகும். ரூம் வந்து சேர ராத்திரி 10 ஆயிடும், மறுநாள் காலையில ரங்கனதிட்டுல படகு. மார்க்கெட்டா, பிருந்தாவனமா, ரெண்டுல ஒண்ணுதான். மீனாவே சொல்லட்டும்.

மீனா: பெரிய மாமா, கோவிச்சுக்காதீங்க. விளக்கு அலங்காரம் முதல் நாளே பார்த்துடுவோம், அதனால மார்க்கெட். அடுத்த தடவை உங்களோடயே பிருந்தாவனம் வர்றேன்.

பெரியப்பா: கோவம் என்னம்மா? பங்குனியில எல்லாரும் ஒரு வேன் பிடிச்சுப் போவோம். நீங்க உங்க இஷ்டப்படி பாருங்க.

அக்கா: அப்ப என் சோமநாதபுரமும் வேன்லதானா?

மைசூர் சித்தி: அது வேற பக்கம்மா, ரங்கனதிட்டோட சேர்த்தா அவசரமாயிடும். அந்தச் சிற்பத்தை ஓடி ஓடிப் பார்த்தா பாவம். பங்குனியில நிதானமா நீயே வந்து விளக்கிச் சொல்லு.

கதிர்: செவ்வாய்?

மைசூர் சித்தி: ரூமைக் காலி பண்ணி பெட்டியை நம்ம வீட்டுல போட்டுடுங்க. 8 மணிக்கு ரங்கனதிட்டு கிளம்பலாம், காவிரி நடுவுல சின்னச் சின்ன திட்டு. 1940ல பறவை ஆய்வாளர் சலீம் அலி சொல்லித்தான் சரணாலயம் ஆக்கினாங்க. துடுப்புப் படகுதான், சத்தமே இருக்காது. பாறை மேல முதலை வாயைத் திறந்துட்டு அசையாம கிடக்கும், மேல மரத்துல சங்குவளை நாரை குச்சியைக் கொண்டுவந்து கூட்டுல சொருகும். வெயில் ஏறினா அதுங்க நிழலுக்குப் போயிடும், அதான் காலையிலயே போகச் சொல்றேன்.

மீனா: அப்பாவோட பைனாகுலரை எடுத்துட்டு வர்றேன் சித்தி.

மைசூர் சித்தி: எடுத்துட்டு வா. அங்கேருந்து பக்கத்துலதான் ஸ்ரீரங்கப்பட்டணம். ரங்கநாதரைச் சேவிச்சுட்டு தரியா தௌலத் மாளிகை மட்டும் பாருங்க, 1784ல திப்பு கட்டினது. மேற்குச் சுவர் முழுக்க நம்ம காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர்ல 1780ல ஆங்கிலேயரோட நடந்த சண்டையை ஓவியமா வரைஞ்சிருக்காங்க. வெடிமருந்து வண்டி வெடிக்குது, ஆங்கிலேயத் தளபதி கர்னல் பெய்லி பல்லக்குல மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.

பெரியப்பா: புள்ளலூர்ல நமக்கு நிலமே இருந்துச்சு. கதிர், அந்தச் சுவரை எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

கதிர்: போட்டோ எடுக்க விட்டா எடுத்து அனுப்பறேன் பெரியப்பா.

மைசூர் சித்தி: 2 மணிக்கு நம்ம வீட்டுல சாப்பாடு. அதுக்கப்புறம் எந்த இடமும் வேண்டாம். ராத்திரி ரயிலுக்குப் புளிசாதம் கட்டித் தர்றேன்.

மாமா: வண்டி ரெண்டு நாளைக்கு அரை நாள் அரை நாளா சொன்னா போதும்தானே?

மைசூர் சித்தி: போதும் அண்ணா. இங்கேயே தெரிஞ்ச டிரைவர் இருக்கார், நான் பேசறேன். ஞாயிறு ஆட்டோதான்.

அம்மா: கதிர், ரூம் எந்தத் தெருன்னு பார்த்து சித்திகிட்ட கேட்டுட்டு அப்புறம் பணம் கட்டு.

கதிர்: ரெண்டு ரூம் பார்த்து வெச்சிருக்கேன், சித்திக்குத் தனியா அனுப்பறேன். மீனா, ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்னு நீ சொல்லு.